ஊசிப்பால்

குழந்தை பிறப்பதற்கு முன்பே தாய்ப்பாலைப் பீச்சி எடுத்துச் சேர்த்துவைக்கலாம் என்று முன்பு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், "போங்கக்கா, உங்களுக்கு வேற வேலை இல்ல?" என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது என்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் பிளாக்கில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாக்கிங் போகிற பெண்கள் சிரித்து முடித்த பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு, "நெஜமாவா? வலிக்காதா? எப்படிப் பண்ணுனீங்க?" என்றும் கேட்கிறார்கள். கேட் ஓரத்தில் நின்று முழுக்கதையும் சொல்லலாம் என்றால், அதற்குள் உள்ளே தொட்டிலில் இவன் வீறிட்டு ஊரைக் கூட்டிவிடுகிறான். அதனால் இவன் தூங்குகிற நேரமாகப் பார்த்து, விட்டு விட்டு இதை எழுதுகிறேன்.

என் பெயர் கவிதா. அப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்ததால் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாக நெய்வேலிக்கு வந்தவள். இங்கேயே படித்து இங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டேன். அப்பா ரிட்டயர் ஆகி அம்மாவோடு ஊருக்குப் போய்விட்டார். நான் குவார்ட்டர்ஸில் இருந்தபடியே ரவிக்கைகளுக்கு ஆரி ஊசியால் பூவேலை செய்கிறேன். மந்தாரக்குப்பத்துத் தையல் கடைகளிலிருந்து துணி வரும். வீட்டுக்காரர் பழனிவேல் மைன்ஸில் கன்வேயர் பிரிவில் பர்மனென்ட். அவர்கள் வீடு கம்மாபுரம் பக்கம்; சுரங்கத்துக்கு நிலம் கொடுத்ததில் வந்த வேலை. மிச்சமிருக்கிற கொஞ்ச நிலத்தையும் மாடுகளையும் அவருடைய தம்பி பார்த்துக்கொள்கிறார். எங்களுக்கு முதலில் ஒரு பெண். யாழினி, யூகேஜி படிக்கிறாள்.

யாழினி வயிற்றில் இருந்தபோதே எனக்குச் சர்க்கரை வந்தது. கர்ப்ப காலத்தில் மட்டும் வருகிற சர்க்கரை. அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்த பிறகுதான் அதன் முகம் தெரிந்தது. வயிற்றுக்குள் இருக்கும்வரை அம்மாவின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குச் சர்க்கரை கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும். அதைச் சமாளிக்கக் குழந்தையின் உடம்பும் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து பழகிவிடும். பிறந்து கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும். பழகிய இன்சுலின் மட்டும் நிற்காது. அதனால் பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தையின் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். யாழினிக்கு இறங்கியது. உடம்பு லேசாக நடுங்கியது. தூக்கிக்கொண்டுபோய்ப் பச்சிளம் குழந்தைகளுக்கான தனி வார்டில் வைத்துக் கையில் டிரிப் போட்டார்கள்.

அவர்கள் செய்தது சரி. அதனால்தான் அவள் இன்று வாய் கிழியப் பேசுகிறாள். ஆனால் நான் ஆபரேஷன் செய்த வயிற்றோடு பொது வார்டில் கிடந்தேன். சுற்றிலும் எல்லாக் கட்டிலிலும் குழந்தை இருந்தது, என் கட்டிலில் ஒரு துண்டும் தலையணையும் இருந்தன. பக்கத்துக் கட்டில் குழந்தை அழுதால் எனக்கு மார் கடுத்தது. அவள் என்னிடம் வந்து சேர்ந்தபோது பாட்டில் நிப்பிளுக்குப் பழகியிருந்தாள். என் மார்பில் வாயை வைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துவாள். கொஞ்ச நாள் போராடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தத் துக்கத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பால் டப்பாவில் வளர்ந்த பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, இதற்கென்ன அழுகை என்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அவ்வளவுதான்.

அதனால் இரண்டாவது தடவை மறுபடியும் சர்க்கரை என்று ரிப்போர்ட் வந்தபோது, எனக்கு ஊசியையோ பத்தியத்தையோ நினைத்துப் பயமில்லை. ஒரே பயம், இந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பது. இவன் என் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேண்டிக்கொண்டதெல்லாம் அது ஒன்றைத்தான்.

சர்க்கரை உள்ள கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரி வராண்டாவே இன்னொரு வீடு மாதிரி. வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து இன்னொரு தடவை. எல்லோரும் வராண்டா பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். ஒருத்தி ராகி தோசை, ஒருத்தி சுண்டல், ஒருத்தி யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு மைசூர்பாகு. "ஏய், ரிசல்ட்ல தெரியும்டி" என்று அவளை மிரட்டுவதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. பக்கத்து பிளாக் பெண்ணும், சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்த பெண்ணும் அங்கேதான் எனக்குப் பழக்கம். எல்லோருக்கும் விரல் நுனியில் ஒரே மாதிரிக் கருப்புப் புள்ளிகள். எனக்கு விரல்தான் பிழைப்பு என்பதால் ஆரி ஊசி பிடிக்காத கையில் குத்தச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சுவேன்.

ஒன்பதாம் மாதம் பிறந்திருந்த சமயம் ஒரு நாள் செக்கப்புக்கு அத்தையும் கூட வந்தார். அத்தை என்றால் என் மாமியார். பேறுகாலத்துக்கு அம்மாதான் வருவதாக இருந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து அம்மாவே நடக்க முடியாமல் இருந்ததால் அத்தை மாடுகளைச் சின்ன மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து என் வீட்டு கேஸ் அடுப்பையும் டவுன்ஷிப் பாலையும் திட்டுவதே அவருக்கு வேலை. "இது பாலா? கழனித் தண்ணி" என்பார். ஆனால் காலையில் நான் எழுவதற்குள் எனக்குக் கம்பு அடையோ கேழ்வரகுப் புட்டோ தயாராக இருக்கும்.

டாக்டரம்மா என் பழைய கதையைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார். "போன தடவை மாதிரி சுகர் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். இறங்கிச்சுன்னா உடனே குடுக்கக் கையில தாய்ப்பால் இருந்தா நல்லது. ஆபரேஷன் முடிஞ்ச உடனே சில பேருக்குச் சுரக்க லேட்டாகும். அதனால இப்பவே தினமும் கொஞ்சம் சீம்பாலை எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வெச்சுக்கலாம்."

சீம்பால் என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏங்கம்மா, சீம்பாலுன்னா மாட்டுக்குங்க. எங்க மருமவ என்னா மாடா?"

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். "பிள்ளை பெத்ததும் முதல்ல வர்ற மஞ்சள் பாலுக்கும் அதே பேருதாம்மா. ஏழாம் எட்டாம் மாசத்துல இருந்தே மார்ல ஊறியிருக்கும்."

அத்தையின் சிரிப்பு போய் முகம் இறுகியது. "கண்ணுகுட்டி போடறதுக்கு முன்னாடி மடியில கை வெக்கக் கூடாதுங்க. கண்ணுக்குன்னு ஊறி வெச்சிருக்கறத முன்னாடியே கறந்துகினு இருந்தா, அது எறங்கி வந்து என்னாத்த குடிக்கும்?"

அவர் வாயை அடைக்கத்தான் நானும் திரும்பினேன். ஆனால் கேள்வி எனக்கும் சுருக்கென்று பட்டது. இருப்பதே அவ்வளவுதான் என்றால்? டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். மாட்டின் கணக்கு வேறு. மனுஷிக்குப் பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியே வரும்வரை சீம்பால் ஊறிக்கொண்டேதான் இருக்கும், எடுப்பதால் தீர்ந்துபோகாது. வயிறு இறுகினாலோ, ரத்தமோ தண்ணீரோ பட்டாலோ அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். குறைப்பிரசவ பயம் இருப்பவர்களுக்கு இதை அவர் சொல்லவே மாட்டாராம். இதைப் படிக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பித்துவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அத்தை தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "எனக்கு மனசு ஒப்பல" என்றார்.

முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெந்நீரில் பிழிந்த துணியை மார்பில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே. காம்பைப் பிடிக்கக் கூடாது, கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் பிடிக்க வேண்டும். முதலில் நெஞ்செலும்புப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து, பிறகு விட வேண்டும். இழுக்கக் கூடாது, தேய்க்கவும் கூடாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் எனக்குச் சோறு போடுகின்றன, மெல்லிய ஜர்தோசிக் கம்பியையே பிடிக்கிறவளுக்கு இதென்ன பிரமாதம் என்று தெனாவெட்டாக உட்கார்ந்தேன். முதல் நாள் ஒரு பொட்டுக்கூட வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மார் சிவந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள், விரலை எடுக்கப் போகும்போது காம்பு நுனியில் ஒரு துளி வந்து நின்றது. பால் மாதிரியே இல்லை. நல்லெண்ணெய் மாதிரி மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று நான் கத்தியதில் பழனிவேல் பாதி ஷேவிங்கோடு ஓடி வந்தார்.

ஊசி மாட்டாத சின்ன சிரிஞ்சுகளை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். துளியை அதன் வாயாலேயே உறிஞ்சி எடுத்து, மூடி போட்டு, தேதி எழுதிய பிளாஸ்டரை ஒட்டி ஒரு டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். பழனிவேல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்: "இன்னிக்கு புரொடக்‌ஷன் எவ்ளோ? டார்கெட் முடிஞ்சுதா?" நான் முறைத்தால், "பங்கர்ல கரி ஸ்டாக் இருந்தாத்தான் பாய்லர் ஓடும்" என்பார். கோபமும் வரும், சிரிப்பும் வரும். சில நாள் ஒரு சிரிஞ்சின் அடிக்கோடுகூட நிறையாது. அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்க மாட்டார். பேசாமல் யாழினியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார்.

அத்தை மட்டும் அதைச் சீம்பால் என்று சொல்லவே இல்லை. சிரிஞ்சைப் பார்த்து அவராகவே ஒரு பேர் வைத்துக்கொண்டார், ஊசிப்பால். "உன் ஊசிப்பாலு டப்பாவ ஓரமா தள்ளி வெச்சிருக்கேன், பட்டாணி பாக்கெட்டு வெக்க எடமில்ல."

"ஊசிப்பால்னு சொல்லாதீங்க அத்தை. ஊசிப்போன பால் மாதிரி இருக்கு."

"பின்ன என்னான்னு சொல்றது? சீம்பாலுன்னா சிரிப்பு வருது எனக்கு."

வீட்டில் எல்லோர் வாயிலும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. யாழினிகூடப் பக்கத்து வீட்டில் போய், "எங்க அம்மா தம்பிக்கு ஊசிப்பால் செய்றாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் என்ன நினைத்தார்களோ.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஊரில் அத்தையின் மாடு கன்று போட்டது. கொழுந்தனார் ஒரு பெரிய வாட்டர் பாட்டில் நிறையச் சீம்பாலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அது என்றால் உயிர். வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வேகவைத்தால் கட்டியாக, வழுவழுவென்று இருக்குமே, அதற்காகச் சொத்தை எழுதிக்கொடுப்பேன். ஆனால் வெல்லத்தை நான் மோந்துகூடப் பார்க்கக் கூடாத காலம். யாழினிக்குக் கொஞ்சம் வேகவைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பாட்டிலோடு ஃப்ரீசரில் வைத்தார் அத்தை. "புள்ள பொறந்துட்டா உன் சக்கர போயிடும்னுதான டாக்டரம்மா சொன்னாங்க? அன்னிக்கே அவிச்சுத் தரேன். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். அவர் அப்படி ஒதுக்கி வைத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. சிரிஞ்சுகளை எடுத்துப்போக ஐஸ் பாக்ஸ்கூட வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தோம். ஆனால் குறித்த நாளுக்கு முன்பே, ஒரு காலையில், துணியில் பூ தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்தபோது கால் வழியாகத் தண்ணீர் இறங்கியது. பழனிவேல் நல்ல வேளையாக வீட்டில் இருந்தார். பை, ஃபைல், புடவை எல்லாம் என்னோடு ஆட்டோவில் ஏறின, அவர் பைக்கில் பின்னாலேயே வந்தார். ஐஸ் பாக்ஸை எல்லோரும் மறந்துவிட்டோம். யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வருவாளே என்று அத்தை வீட்டில் தங்கினார்.

ஆபரேஷன் தியேட்டரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே என் உடம்பு எனக்கில்லாமல் போனது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாரோ சமையல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தைரியமாக இருந்தது. ஆபத்து என்றால் சாம்பார் பற்றிப் பேசுவார்களா? கொஞ்ச நேரத்தில் இவன் கத்தினான். நல்ல கத்தல். என் கன்னத்தில் கொண்டுவந்து இவன் முகத்தை வைத்தார்கள். ஈரமும் சூடுமாக இருந்தது.

வார்டுக்கு வந்ததும் சிஸ்டர் இவனை என் மார்போடு சேர்த்துப் படுக்கவைத்தார். இவன் வாயைத் திறந்து தேடினான், நக்கினான், உடனே தூங்கிப்போனான். சிஸ்டர் அழுத்திப் பார்த்தார். ஒன்றிரண்டு துளிதான் வந்தது. பிறகு குதிகாலில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார். எண்ணைப் பார்த்தவர் முகம் மாறவில்லை, ஆனால் உடனே குழந்தைகள் டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். மறைக்காமல் சொன்னார். "சுகர் கம்மியாத்தான் இருக்கும்மா. பயப்படுற அளவுக்கு இல்ல, ஆனா எல்லைக்கோட்டுல இருக்கு. இப்ப உடனே பால் குடுத்துட்டு மறுபடி பார்ப்போம். ஏறலைன்னா உள்ள கொண்டுபோய் டிரிப் போட வேண்டியிருக்கும்."

உள்ளே என்றால் அந்தத் தனி வார்டு. என் கை தானாகவே இவன் மேல் போனது. "என்கிட்ட ஸ்டாக் இருக்கு சார். ஃப்ரீசர்ல எடுத்து வெச்சிருக்கேன்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் முகம் மலர்ந்தது. "அப்ப சீக்கிரம் வரச் சொல்லுங்க. ரொம்ப நேரம் காக்க முடியாது. அதுக்குள்ள வரலைன்னா பவுடர் பாலாவது குடுத்துடணும், சரியா?" சரி என்றேன். இதில் எனக்கு வீம்பு கிடையாது. பிள்ளை முதலில், பால் பிறகு.

பழனிவேல் போனைப் போட்டு என் காதில் வைத்தார். மறுமுனையில் அத்தை. எனக்கு முதுகில் போட்ட ஊசியின் குளிர் இன்னும் விடவில்லை, பல் கிட்டித்து நடுங்கியது. டாக்டர்கள் பேசிய சொல்தான் வாயில் வந்தது. "அத்தை, ஃப்ரீசர்ல இருக்கிற சீம்பால் எனக்கு உடனே வேணும். ஆட்டோ புடிச்சு எடுத்துட்டு வாங்க."

"இதோ வந்துட்டேம்மா, இதோ!" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு குதூகலம். பேரன் பிறந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு ஒன்றும் தொலைவில்லை. ஆட்டோவில் வர எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அத்தை வரவில்லை. பழனிவேல் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிள்ளை பெற்றவளை இந்த நிலையில் தனியே விட்டுப்போக அவருக்கு மனசில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. சிஸ்டர் ஒரு தடவை வந்து, என் மாரை அழுத்தி வந்த துளிகளை இவன் வாயில் தடவி, உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் பவுடர் பால்தான்" என்றுவிட்டுப் போனார். நான் இவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்குகிறதா, நடுங்கவில்லையா? என் கை நடுக்கத்தில் எது இவனுடையது, எது என்னுடையது என்று தெரியவில்லை.

கடைசியில் அத்தை வந்தார். வியர்த்து வழிய, யாழினியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தூக்குவாளியோடு வந்தார். நேராக என் தலைமாட்டுக்கு வந்து மூடியைத் திறந்தார். ஏலக்காய் வாசனை வார்டு முழுக்கப் பரவியது. உள்ளே ஆவி பறக்க, துண்டு துண்டாக வெட்டிய சீம்பால் கட்டி.

"வாயத் தொற" என்றார் அத்தை. "வேவ கொஞ்சம் நேரமாயிடுச்சு. அதான் போன் அடிச்சப்பகூட அடுப்புகிட்டருந்து வரல. உனுக்காவ வெல்லத்த கொஞ்சம் தூக்கலாவே போட்டுகினு வந்தேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே விளங்கவில்லை. விளங்கியதும் நான் போட்ட சத்தத்தில் தையல் பிரிந்திருக்க வேண்டும். "ஐயோ அத்தை! இது இல்ல! ஊசிப்பால்! ஊசிப்பால்!"

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "ஊசிப்போச்சா? வாசன நல்லாத்தானே வருது" என்றார். பழனிவேல் அதற்குள் படிக்கட்டில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவருடைய வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அத்தை வாளியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு மூன்று தடவை அழுத்தினார். சிஸ்டர் வந்து விஷயத்தைக் கேட்டு, சுருக்கமாக அவருக்குச் சொன்னார்: குழந்தைக்குச் சர்க்கரை குறைவு, அந்தப் பாலை இப்போதே கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் உள்ளே கொண்டுபோவார்கள். அத்தை என்னைப் பார்த்தார். போன தடவை யாழினியை உள்ளே கொண்டுபோனபோது அந்தத் தனி வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர் அவரும்தான். "எனக்கு சொல்லத் தெரியல பாரு, கேக்கத் தெரியல பாரு" என்று தன் தலையில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டார். தப்பு உங்களுடையது இல்லை அத்தை, நான்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன் என்று சொல்ல நினைத்தேன். கையை மட்டும் நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார்.

பழனிவேல் ஐஸ் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார். சிஸ்டர் அதிலிருந்து இரண்டு சிரிஞ்சுகளை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். உறைந்திருந்தது இளகி மஞ்சளாக அசைய ஆரம்பித்தது. எனக்கோ தலையைத் தூக்கக் கூடாது என்று உத்தரவு. சிஸ்டர் திரும்பி அத்தையிடம், "பாட்டிம்மா, கை கழுவிட்டு வாங்க. நான் சொல்ற மாதிரி நீங்க குடுங்க" என்றார்.

அத்தை பின்வாங்கினார். "நானா? நான் வேணாங்க, நான் எதனா தப்பா..."

"நீங்கதான் அத்தை" என்றேன்.

அவர் கையை முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தார். சிஸ்டர் இவனைத் தலை சற்று உயர்ந்திருக்கிற மாதிரி அத்தையின் மடியில் வைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உள்பக்கமாக வைக்கச் சொன்னார். ஒரு பொட்டு, இவன் விழுங்கிய பிறகு இன்னொரு பொட்டு, அவசரப்படக் கூடாது. இவன் முதல் பொட்டுக்கு முகத்தைச் சுளித்தான். இரண்டாவதற்கு உதட்டைச் சப்பினான். மூன்றாவதற்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். அத்தைக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைக்கக் கை ஒழியாமல் அப்படியே இருந்தார். இரண்டு சிரிஞ்சும் காலியாயின. ஒன்பதாம் மாதம் முழுக்க நான் குனிந்து உட்கார்ந்து பீச்சியதில் ஒரு பங்கு, இவன் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

பிறகு மறுபடியும் காத்திருப்பு. மறுபடியும் குதிகாலில் குத்தல், இவன் கத்தல். சிஸ்டர் கருவியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "ஏறிடுச்சு" என்றார். டாக்டரும் வந்து பார்த்தார். "இப்படியே பால் குடுத்துக்கிட்டு இருங்க. அடுத்தடுத்த தடவையும் இறங்காம இருக்கான்னு பார்க்கணும். இப்போதைக்கு எங்கயும் கொண்டுபோக வேணாம். அம்மாகிட்டயே இருக்கட்டும்."

அம்மாகிட்டயே இருக்கட்டும். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இவ்வளவும். நான் வாய்விட்டு அழுதேன். பழனிவேல் ஏதோ புரொடக்‌ஷன் ஜோக் சொல்ல வாயெடுத்து, முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். யாழினி மட்டும் தூக்குவாளியைத் திறந்து சீம்பால் கட்டியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அத்தை தன் கையில் இருந்த காலி சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மஞ்சளாக ஒரு தடம் ஒட்டியிருந்தது. கீழே பார்த்தபடியே, யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"எனுக்கும் இதே மாதிரிதான் வந்துது. மஞ்சளா, கெட்டியா. சீழு மாதிரி கீது, புள்ளைக்கு ஆவாதுன்னுட்டாங்க. வெள்ளப் பாலு வர்ற வரிக்கும் சக்கரத் தண்ணிதான் குடுத்தோம்."

சிரிஞ்சை விரல்களுக்கு நடுவில் ஒரு தடவை உருட்டினார்.

"கண்ணுகுட்டிக்கு மட்டும் மொத பாலு வுட்டே ஆவணும்னு என் மாமனாருகிட்டகூட மல்லுக்கு நின்னிருக்கேம்மா. எம் புள்ளைங்களுக்கு வந்தத செவுத்துல பீச்சி வுட்டேன். மூணு புள்ளைக்கும். செவுருதான் குடிச்சுது."

அந்த மூன்று பேரில் மூத்தவர் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் சுற்றிக்கொண்டு வந்து தன் அம்மாவின் தோளில் கையை வைத்தார். அத்தை அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "அடுத்தது எப்ப குடுக்கணும்?" என்று சிஸ்டரைக் கேட்டார். இன்னும் நேரம் இருக்கிறது என்றார் சிஸ்டர். அத்தை எழுந்துபோய் மறுபடியும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.